வெறும் சாக்கின் அகலம்

"அக்கா, இது வீடா? இல்ல, வெள்ளம் வந்தா கரையில அடுக்குவாங்களே, அதுவா?"

துணி வெட்டுகிற மேசைமேல் விரித்திருந்த தாளைத் தம்பி தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல தாளைத் திருப்பிப் பாரு. பஸ்ஸும் இப்படித்தான் ஓட்டறியா நீ?"

"திருப்பினாலும் மூட்டைதானே இருக்கு."

"மூட்டைதான். மண்ணு நிரப்பின மூட்டை. செங்கல்லுக்குப் பதிலா அதை அடுக்கணும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல முள்கம்பி. அது ரெண்டையும் கவ்விப் பிடிச்சுக்கும். மேல பூசிட்டா உள்ள இருக்கறது மூட்டைன்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

"எலிக்குத் தெரியும்."

"எலி மண்ணைத் தின்னுமாடா?"

"நம்ம வீட்டு எலி தின்னும். வேற என்ன கிடைக்குது அதுக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். வீட்டு விஷயத்தில் அவள் யாரோடும் சிரிப்பதாக இல்லை.

அந்தத் தெருவில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. முப்பத்தைந்து வருஷமாக அதே கடை, அதே மேசை. கட்டியவர் போய்ச் சேர்ந்தபிறகு தம்பி குடும்பமும் வந்து சேர்ந்துகொண்டது. முன்னால் தையல் கடை, பின்னால் இரண்டு அறை, எல்லாம் வாடகை. கடைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியவேண்டும். இப்போதெல்லாம் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டால் அவளுக்குத் தையலே தெரிவதில்லை. விரலால் தடவித்தான் தைக்கிறாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா விட்டுப்போன மனை ஒன்று இருந்தது. கைக்குட்டை அளவு. அகலமாகக் கட்ட இடமில்லை, உயரமாகத்தான் கட்டவேண்டும். அதனால்தான் இந்தத் தாளில் வீடு வட்டமாக, உயரமாக, நெற்குதிர் மாதிரி நின்றது. கீழே கடை. நடுவில் தம்பி குடும்பம். உச்சியில் சுற்றிலும் ஜன்னல் வைத்த ஒரே அறை. அது அவளுக்கு. சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் ஊசிக்கண் தெரிகிற அறை.

"மண் மூட்டையில மூணு அடுக்கா?" என்றான் தம்பி.

"ஏன், மலை நிக்கலியா?"

தம்பி மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். மாட்டுத்தீவன மில்லில் மூட்டை நிரப்புகிறவள். புருவத்தில், இமையில், காது மடலில் எல்லாம் தவிட்டுத் தூசி. முகம் கழுவப் போகிற வழியில் நின்று, மேசை ஓரத்தில் கிடந்த மாதிரிச் சாக்கை எடுத்து இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இந்தச் சாக்கா அண்ணி?"

"ஆமா. அகலம் பதினெட்டு அங்குலம். சுவரும் பதினெட்டு."

"இது நிரப்பினா அவ்வளவு அகலம் நிக்காதே. உள்ள வாங்குமே."

அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தாள். "எம்மா, எனக்கே அளவு சொல்லித் தர்றியா?"

"இல்ல அண்ணி, நான் பார்த்தவரைக்கும்…"

"விடு," என்றான் தம்பி. "அக்கா அளவு தப்பினதா சரித்திரமே இல்ல. நீ போய் மூஞ்சி கழுவு, தவிடு மேசையில கொட்டுது."

அவள் போய் முகம் கழுவினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த முதல் வரைபடத்தைப் போட்டது ஒரு இன்ஜினியரம்மா. அக்காவிடம்தான் கோட்டு தைக்கக் கொடுப்பாள். அடுத்த வாரம் கோட்டு வாங்க வந்த அன்றைக்குக் கடையில் இன்னும் இரண்டு பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களிடம் அக்கா அப்போதுதான், ஆள் வாசலில் வரும்போதே தோள் அளவு சொல்லிவிடுவேன் என்று சொல்லி முடித்திருந்தாள். சொன்னபடி ஒருத்திக்குச் சொல்லியும் காட்டியிருந்தாள். கடையே அசந்துபோயிருந்தது.

இன்ஜினியரம்மா பென்சிலை எடுத்தாள். "மூட்டை வீடு எனக்கும் முதல் தடவை அக்கா. படிச்சுத்தான் போடறேன். அளவு கரெக்டா வேணும். பை அகலம்?"

"பதினெட்டு."

"வெறும் பையா, இல்ல மண்ணை நிரப்பி, திமிசுக்கட்டையால இடிச்சு, படிஞ்சப்புறம் அளந்ததா? எனக்கு அந்த அளவுதான் வேணும்."

சாக்கை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, துணியை அளக்கிற மாதிரி அளந்ததுதான். நிரப்பிப் பார்க்கவே இல்லை. காத்திருந்த இரண்டு பேரும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள்.

"நிரப்பி அளந்ததுதான்," என்றாள் அக்கா. "முப்பத்தஞ்சு வருஷமா அளக்கறேன், என்கிட்டயே கேக்கறீங்களே."

அந்தப் பொய்க்கு ஒரு தேவையும் இல்லை. நாளைக்கு அளந்து சொல்கிறேன் என்றிருந்தால் யாரும் அவள் தலையை வாங்கியிருக்கப்போவதில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப சரி. பதினெட்டுன்னா மூணு நிலையும் போடலாம். சுத்தி நாலு முட்டுச்சுவர், ஒவ்வொரு நிலைக்கும் கான்கிரீட் வளையம். பதினெட்டுக்குக் குறைஞ்சா உச்சி ரூமை மறந்துடணும், சொல்லிட்டேன். உயரமாப் போறது விளையாட்டு இல்ல. அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னால மனையில சின்னதா ஒரு சுவர் அடுக்கிக் காட்டுங்க. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதிரிச் சுவர் வேலை. தம்பி மனைவி தன்னோடு மில்லில் வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தாள். ஒருத்தி வயதில் மூத்தவள். மூட்டை இழுக்கிற கொக்கியை இடுப்பிலிருந்து கழற்றவே மாட்டாள், அதனால் பெயரே கொக்கி. மற்றவள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம். நெட்டை என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"வாரம் பூரா மூட்டை, லீவு நாள்லயும் மூட்டை," என்றாள் கொக்கி. "நான் செத்தாக்கூட மூட்டை கட்டித்தான்டி தூக்குவீங்க."

"உன்னைத் தூக்க எந்த மூட்டை தாங்கும்?" என்றாள் நெட்டை.

சிரித்துக்கொண்டேதான் வேலை பார்த்தார்கள். லேசாக ஈரப்படுத்திய மண்ணைத் தம்பி மனைவி ஒரு பிடி எடுத்து உருட்டி, இடுப்புயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தாள். சிதறிப்போகவும் இல்லை, சேறாக அப்பவும் இல்லை. சரி என்று தலையாட்டினாள். பிறகு நிரப்பல். சாக்கின் மூலைகளை உள்ளே குத்திவிட்டு, மண்ணை வாங்கி, தூக்கிக் குலுக்கி, மறுபடி வாங்கி, வாயை மடித்து அடியில் செருகிப் படுக்க வைத்தாள். தம்பி திமிசுக்கட்டையால் இடித்தான். நாலு வரி ஏறியது. முள்கம்பி இரண்டு இழை ஓடியது. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். வைத்தாள். பதினைந்து.

இன்னொரு இடத்தில் வைத்தாள். பதினைந்து. மூன்றாவது இடத்தில் பதினைந்துக்கு ஒரு நூல் குறைச்சல்.

உச்சியில் ஜன்னல் வைத்த அறை அவள் கண்முன்னால் ஆடியது.

"என்னம்மா இது?"

"என்ன அண்ணி?"

"பதினெட்டு வரணும். பதினஞ்சு இருக்கு. மூணு அங்குலம் எங்க போச்சு?"

"அண்ணி, நான் அன்னிக்கே…"

"அன்னிக்கென்ன அன்னிக்கு? மில்லுல முதலாளிக்கு நிரப்பும்போது கை தாராளமாப் போகும். சொந்த வீட்டுக்கு நிரப்பணும்னா மண்ணுகூட வலிக்குதோ?"

தம்பி மனைவியின் முகம் சிறுத்துப்போனது. கொக்கி நிமிர்ந்தாள்.

"அக்கா, அவ நிரப்பின மூட்டையில இன்னும் ஒரு பிடி சேர்க்க முடியாது. வேணும்னா கையை விட்டுப் பாருங்க."

"நான் உங்ககிட்ட பேசல."

"நான் பேசறேன். இருபது வருஷமா மூட்டை பார்க்கறோம். இந்தச் சாக்கு இப்படித்தான் வரும்."

"உங்க மில்லுல எடையைக் குறைச்சுக் கள்ள மூட்டை கட்டற பழக்கம் இருந்தா அதை அங்கயே வெச்சுக்குங்க. இது வீடு. மேல ஆள் படுக்கணும்."

பேசி முடித்தபிறகுதான் என்ன பேசினோம் என்று அவளுக்கே கேட்டது. தம்பி கட்டையை ஊன்றிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தான். பக்கத்து மனைக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தவர், தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கொக்கி கையைத் தட்டிக்கொண்டாள். "வாடி நெட்டை, போலாம். கள்ள மூட்டைக்காரிங்க நமக்கு இங்க என்ன வேலை?"

அவர்களுக்கென்று ஊற்றிவைத்த டீ இரண்டு டம்ளரிலும் ஆடை கட்டியது. தம்பி மனைவி அதை மண்ணிலேயே கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினாள்.

மறுநாள் மதியம் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு அக்கா கடையைச் சாத்திவிட்டுத் தனியாக மனைக்குப் போனாள். ஒரு சாக்கை எடுத்தாள். நானே நிரப்புகிறேன், பதினெட்டு வருகிறதா இல்லையா பார்க்கலாம். தலைகால் தெரியாத வேகத்தில் மண்ணை அள்ளிப் போட்டாள். குலுக்கினாள். முழங்காலால் அமுக்கினாள். மூச்சு வாங்கியது. படுக்கவைத்து இடித்து, டேப்பை வைத்தாள்.

பதினைந்து.

பிரித்து இன்னும் மண் போட்டாள். மூட்டை மேலே உப்பியதே தவிர பக்கவாட்டில் ஒரு நூல்கூட நகரவில்லை. வாயை மடிக்க முடியாமல் மண் வழிந்தது.

அவள் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கம்பியில் தொங்குகிற சட்டையின் அகலமும், ஆள் நுழைந்த சட்டையின் அகலமும் ஒன்றா? நெஞ்சு முப்பத்தாறு என்றால் முன்னாலிருந்து பார்க்கிறபோது பதினெட்டா தெரிகிறது? உடம்புக்குக் கனம் வேண்டாமா? அந்தக் கனம் அகலத்திலிருந்துதானே வரவேண்டும்? கடையில் வேலை பழக வருகிற எந்தப் பெண்ணுக்கும் அவள் முதல் நாளே சொல்லுகிற பாடம் இது. துணியை அளக்காதே, உள்ளே வரப்போகிற ஆளை அளந்துகொள் என்பாள். சொல்லிக்கொடுத்தவள் வெறும் சாக்கை மேசைமேல் நீவிவிட்டு அளந்திருக்கிறாள். ஊரில் வேறு யார் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். அவளைத் தவிர வேறு யாரும் செய்திருக்கலாம்.

உடம்பெல்லாம் கூசியது. அதைவிட மோசமானது அடுத்து அவள் செய்தது. யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தாள். மூட்டையைப் பிரித்து மண்ணைக் குவியலிலேயே கொட்டினாள். சாக்கை உதறி, இருந்த மடிப்பிலேயே மடித்து, கட்டோடு சேர்த்து வைத்தாள். முழங்கால் அழுந்திய தடத்தைக் கையாலேயே அழித்தாள். திருடி மாதிரி வீட்டுக்கு வந்து குளித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் இன்ஜினியரம்மா வந்தாள். நாலு வரிச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், ஏறி நின்றும் பார்த்தாள்.

"வேலை பிரமாதம். யார் நிரப்பினது?"

"என் வீட்டுக்காரிதான்," என்றான் தம்பி.

இன்ஜினியரம்மா தன் டேப்பை வைத்தாள். நெற்றி சுருங்கியது. "பதினஞ்சுதான் இருக்கு. அக்கா, நீங்க முதல்ல நிரப்பி அளந்தப்ப பதினெட்டு வந்துச்சுன்னு சொன்னீங்க இல்ல?"

அக்கா வாயைத் திறந்தாள். "ம்," என்றாள்.

"அதே பைதானே?"

"ம்."

"அப்ப நிரப்பறதுலதான் எங்கயோ வித்தியாசம் வருது." அவள் தம்பி மனைவியைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது தீவனம் நிரப்பற மாதிரி இல்ல. வேற ஆள் வெச்சுப் பார்க்கலாமே."

"நான் அப்பவே நினைச்சேன்," என்றான் தம்பி, யாரையும் பார்க்காமல். "விடும்மா, கூலிக்கு ஆள் வெச்சுக்கறோம். நீ ஏன் கஷ்டப்படற?"

தம்பி மனைவி அக்காவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சும்மா பார்த்தாள். பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி," என்று சொல்லிவிட்டு நடந்துபோனாள்.

இன்ஜினியரம்மா பையை மூடிக்கொண்டு, கார் நிற்கிற தெருமுனைக்குப் போய்விட்டாள். அக்கா அவள் பின்னாலேயே ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், செருப்பு ஒரு பக்கம் இழுக்க, டேப் பறக்க ஓடினாள்.

"அம்மா, நில்லுங்க. நிரப்பி அளக்கலம்மா."

"எது?"

"சாக்கு. வெறும் சாக்கைத்தான் அளந்தேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். திங்கக்கிழமை நானே நிரப்பிப் பார்த்தேன். பதினஞ்சுதான் வருது. யார் நிரப்பினாலும் அவ்வளவுதான்."

"திங்கக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சித்த முன்னால, அவங்களைச் சொன்னப்ப…"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தாள். இன்ஜினியரம்மா திட்டவில்லை. வரைபடத்தைக் காரின் முன்பக்கத்தில் விரித்து, பென்சிலால் உச்சி அறைமேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பிறகு இன்னொரு கோடு.

"வீடு விழுந்திருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா விழலாம். உங்க தம்பி, அவரு சம்சாரம் ரெண்டு பேரும் அதுலதானே படுத்திருப்பாங்க?" பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு நிலைக்குப் புதுசாப் போடலாம். இனிமே ஒவ்வொரு அளவையும் நானே எடுத்துக்கறேன் அக்கா."

கடைசியாகச் சொன்னதுதான் சுட்டது.

அன்று ராத்திரி வீட்டில் தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா சொன்னாள். பாதி சொல்வதற்குள்ளேயே தம்பி சிரித்துவிட்டான்.

"இதுக்கா அக்கா ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே? சாக்குதானே. மூணு அங்குலம். விடுக்கா. எங்க டிப்போல ஒருத்தன் பஸ்ஸையே தப்பான ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டான், தெரியுமா?"

"நீ சும்மா இரு."

"நாமளும் ஒண்ணு ரெண்டு சொல்லிட்டோம். சரி. குடும்பத்துல இல்லாததா? இல்லம்மா?" என்று மனைவியைக் கேட்டான்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"இப்ப இதை எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க அண்ணி?"

"தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சுக்கோ."

"உங்க தம்பியும் நானும் மட்டும் கேட்டா போதுமா? கள்ள மூட்டை கட்டறவன்னு எங்க வெச்சுச் சொன்னீங்க?"

"மனையில."

"யாரு முன்னால?"

அக்கா சோற்றைப் பிசைந்தாள்.

"திங்கக்கிழமை மில்லுக்குப் போனேன். 'கள்ள மூட்டை வந்துட்டாப்பா, எடையைப் பார்த்துக்குங்க'ன்னு லோடு தூக்கறவன் சொல்றான். சிரிப்புக்குத்தான் சொல்றான். கொக்கி யார்கிட்டயும் சொல்லல, நெட்டை வாய் சும்மா இருக்காது. மேஸ்திரி காதுக்குப் போனா சிரிப்பா எடுத்துக்குவாரா? பதினாலு வருஷமா ஒரு மூட்டை எடை குறைஞ்சு என் கையிலேர்ந்து போனது கிடையாது அண்ணி. உங்களுக்கு டேப் மாதிரி எனக்கு அது."

"ஏய், அக்காவை என்ன மில்லுக்கு வந்து…" என்று தம்பி ஆரம்பித்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன்." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

மறுநாள். மில்லில் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைக்கு என்று தம்பி சொல்லியிருந்தான். அக்கா பன்னிரண்டேகாலுக்கே போய்விட்டாள். நின்று யோசித்தால் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். வாட்ச்மேன், "யாரைப் பார்க்கணும்?" என்றான். "மூட்டை நிரப்பறவங்களை," என்றாள். "எல்லாரையுமா?" என்றான். "எல்லாரையும்தான்."

உள்ளே கொட்டகை முழுக்கத் தவிட்டுப் புகை. உயரத்திலிருந்து இறங்குகிற புனல் வாய்கள் நாலு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெண். சாக்கை மாட்டி, கைப்பிடியை இழுத்து, முள் நிற்கிற இடத்தில் டக்கென்று நிறுத்தி, தராசிலிருந்து தள்ளிவிட்டார்கள். தள்ளிய மூட்டை உருளைமேல் போய்த் தையல் மெஷினில் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தது. சங்கிலித் தையல், ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். அவள் கண் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. முகங்களைப் பார்க்க முடியவில்லை.

கொக்கிதான் முதலில் பார்த்தாள். "அடேயப்பா, யாரு வந்திருக்கா பாரு. எடை சோதனைக்கா?"

தம்பி மனைவி இரண்டாவது புனலில் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்," என்றாள் அக்கா.

"கேக்கல!"

"ஒண்ணு சொல்லணும்!"

"மெஷின் சத்தம், கேக்கல! சத்தமா சொல்லுங்க!"

அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "அன்னிக்கு நான் சொன்னது பொய்! அளவு எடுத்ததும் பொய்!"

சரியாகப் 'பொய்' என்று கத்துகிறபோது சாப்பாட்டு நேரத்துக்காக யாரோ மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் நின்றது. அந்தச் சொல் மட்டும் தகரக் கூரையில் முட்டிக்கொண்டு கொட்டகை பூராவும் சுற்றியது. லோடு தூக்குகிறவர்கள், லாரி டிரைவர், கண்ணாடி அறைக்குள் இருந்த மேஸ்திரி, எல்லோரும் திரும்பினார்கள். இருபது முப்பது முகம்.

காது மடல் வரைக்கும் எரிந்தது. இப்போது நிறுத்தினால் மறுபடி சொல்ல வாய் வராது.

"இவ என் தம்பி பொண்டாட்டி," என்றாள், விரலை நீட்டி. "கள்ள மூட்டை கட்டறவன்னு நான் சொன்னேன். இவ நிரப்பினது சரி. நான்தான் வெறும் சாக்கை அளந்துட்டு நிரப்பி அளந்தேன்னு சொன்னேன். தெரிஞ்சப்புறமும் இவமேல பழி விழட்டும்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

எங்கோ ஒரு புனலிலிருந்து மிச்சத் தவிடு மட்டும் சொரசொரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப எத்தனை அங்குலம்?" என்றாள் கொக்கி.

"பதினஞ்சு."

"நான் என்ன சொன்னேன் அன்னிக்கு?"

"இந்தச் சாக்கு இப்படித்தான் வரும்னு சொன்னீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்ககிட்ட பேசலன்னு சொன்னேன்."

"ம். ஞாபகம் இருக்கே." கொக்கி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். "ஏன்டி நெட்டை, உனக்கு மனசு ஆறிச்சா?"

"எனக்கு அந்த டீயை நினைச்சாத்தான் ஆறல," என்றாள் நெட்டை. யாரோ சிரித்தார்கள். லோடுக்காரன் ஒருத்தன், "டெய்லரம்மா, என் சட்டையையாவது ஆளை வெச்சு அளப்பீங்களா?" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. அக்கா அதற்கும் நின்றாள். அந்தச் சிரிப்பு தெருவுக்கு வரும், கடை வாசலுக்கு வரும், இனிமேல் துணி கொடுக்க வருகிறவர்கள் வாயிலெல்லாம் வரும். வரட்டும்.

தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்தாள்.

"வழியில நிக்காதீங்க அண்ணி. லாரி பின்னால வருது."

அக்கா நகர்ந்து நின்றாள். தம்பி மனைவி சாப்பிடப் போனாள். போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அக்காவுக்கு எது செய்வதென்று தெரியவில்லை. கடைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகக் கால் எழவில்லை. கேட்டுக்கு வெளியே இருந்த சிமெண்டுக் கட்டையில் ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தான்.

வேலை முடிந்து வந்தவள் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு பக்கத்தில் இடம் விட்டு நடந்தாள். இருவரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள்.

"மேல் ரூம் போச்சா?" என்றாள் அவள்.

"போச்சு. அந்தம்மா அடிச்சுட்டாங்க."

"அப்ப நீங்க எங்க உக்காந்து தைப்பீங்க?"

"பழைய மாதிரிதான். லைட்டைப் போட்டுக்கிட்டு." பிறகு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். "கறுப்பு நூல் தெரியறதில்லம்மா இப்பல்லாம். தடவித்தான் தைக்கறேன்."

"தெரியும். என் கறுப்புச் சட்டையில ரெண்டு தையல் விட்டுப்போயிருந்துச்சு. நானே போட்டுக்கிட்டேன்."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எத்தனை நாளாகத் தெரியும், ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போனாள். சொல்ல வந்தவளை நீ என்ன செய்தாய் என்று அவள் திருப்பிக் கேட்பாளே என்று விட்டுவிட்டாள்.

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. தம்பி மனைவி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லவா? அந்த வட்ட வீடு எனக்குப் பிடிக்கவே இல்ல. நீங்க தாளை விரிச்ச அன்னிலேர்ந்து. வட்டமான ரூம்ல கட்டிலை எங்க போடறது? பீரோவை எங்க ஒட்டி வைக்கறது? நடுவுலயா?"

அக்காவுக்குச் சட்டென்று வாயில் பதில் வந்தது. வட்டச் சுவர்தான் பலம், நேர்ச் சுவர் சாயும், இன்ஜினியரம்மாவே சொன்னாள். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"உனக்கு எப்படி இருக்கணும்?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. பஸ் வந்து நின்றது. படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "ஏறுங்க, வண்டி கிளம்புது."